என் வாங்குத் தோழி

(எமது பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது "பெண்களும் ஆரோக்கியமும்" என்று ஒரு தலைப்பைத் தந்தார்கள். ஒரு வைத்தியரை அழைத்தால் அதைத்தான் கேட்பார்கள். நானும் சம்மதித்தேன். ஆனால் சென்ற மாதம் எங்கள் வகுப்பினரின் பெயர்ப் பட்டியலை இந்த மலருக்காகத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெயர், வெளியேறிய ஆண்டு, வசிக்கும் நாடு, தொழில் என்று நான்கு நிரல்கள். வைத்தியர் ஏழு பேர், கணக்காளர் ஒன்பது பேர், ஆசிரியைகள், பொறியியலாளர், வங்கி உத்தியோகத்தர் என்று மளமளவென நிரப்பிக்கொண்டு போனேன். ஒரு பெயருக்கு நேரே வந்ததும் பேனை நின்றுவிட்டது. பன்னிரண்டு வருடம் ஒரே வாங்கில் என் பக்கத்தில் இருந்தவள் அவள். அவளுடைய தொழிலை என்னவென்று எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நிரலை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆகவே இன்று அவளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆரோக்கியமும் இடையில் வரும், பயப்படாதீர்கள். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இனி என் தொலைபேசி அழைப்பை எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

அவள் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. புனித லூசியா பேராலயத்தின் மணிச்சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு. வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி அவளுடைய மாமாவின் அச்சகம். நான் வெள்ளவத்தை. எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கணினி வந்தபோது செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, கோயிலுக்குப் போவதுபோலத்தான் உள்ளே போவோம். குளிரூட்டிய அந்த அறையில் ஒரு கணினிக்கு நான்கு பேர். மற்ற மூவரும் பார்த்துக்கொண்டிருக்க அவள் தட்டுவாள். எங்கே பழகினாய் என்று கேட்டால், மாமாவின் அச்சகத்தில் கலியாண அழைப்பிதழ் அடித்துப் பழகினேன் என்பாள். பாமினி எழுத்துருவில் அவளுடைய விரல்கள் ஓடும் வேகம் எங்களுக்கெல்லாம் ஒரு வேடிக்கை.

உயர்தரப் பரீட்சைக்குப் பின் நான் மருத்துவ பீடத்துக்குப் போனேன். அவளுக்கு வெட்டுப்புள்ளி காணாது. "பாவம், கெட்டிக்காரிதான், ஆனால் உந்தக் கொம்பியூட்டரும் படம் கீறுறதுமாத் திரிஞ்சு கெட்டுப்போனாள்" என்று என் அம்மா சொன்னது நினைவிருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பதை இந்த மேடையில் மறைக்க விரும்பவில்லை.

இன்று அவள் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மாடிவீட்டின் நாலாம் தளத்தில் தாயாருடன் இருக்கிறாள். ரயில் போகும்போது மேசையில் இருக்கும் தேநீர்க் கோப்பை அசையும். இரண்டு திரைகள், ஒரு வரைபலகை, பழைய கணினிகளிலிருந்து கழற்றிய பாகங்கள் நிறைந்த பிஸ்கட் தகரங்கள். யாராவது எறியப்போகும் அச்சியந்திரத்தை வாங்கிவந்து உயிர்கொடுப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு. எந்த நிறுவனத்திலும் வேலை இல்லை. பிரீலான்ஸ் என்று சொல்கிறார்களே, அது. புத்தக அட்டை, சிறுவர் கதைக்குப் படம், கோயில் திருவிழாப் பிரசுரம், கடைக்குப் பெயர்ப்பலகை, குறுங்காணொளி என்று வருவதெல்லாம் செய்வாள். ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து வேலை தருபவர்கள் விழித்திருக்கும் நேரம் எங்களுக்கு இரவு. அதனால் அவளுடைய நாள் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும்.

எல்லாவற்றிலும் அவசரமான வேலை எது தெரியுமா? கல்வெட்டு. ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு முன் நினைவு மலர் கையில் இருக்க வேண்டும். பிள்ளைகள் ஐந்து நாட்டில் இருப்பார்கள். படங்கள் ஐந்து நாட்டிலிருந்து வரும். மூத்த மகன் அனுப்பிய வம்சாவளியில் இளைய மருமகளின் பெயர் விடுபட்டிருக்கும். அந்தச் சண்டையும் இவள் தலையில். கத்தோலிக்கப் பிள்ளையான இவளுக்குத் தேவாரம் திருவாசகத்தில் எந்தப் பதிகம் எந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்பது சைவப்பிள்ளையான என்னைவிட நன்றாகத் தெரியும்.

வருமானம் எப்படி என்று தங்கைமார் மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஒரு மாதம் என் சம்பளத்தைவிடக் கூட வரும். அடுத்த இரண்டு மாதம் ஒன்றும் வராது. ஊழியர் சேமலாப நிதி இல்லை, சுகவீன விடுமுறை இல்லை. வெளிநாட்டிலிருந்து பணத்தைப் பெறுவதே வருடக்கணக்காக ஒரு போராட்டம். பேபால் மூலம் இங்கிருந்து பணம் செலுத்தலாம், ஆனால் பெற முடியாது என்ற நிலை நீண்ட காலம் இருந்தது. ஆகவே வேறு சுற்றுவழிகள், ஒவ்வொன்றுக்கும் கழிவு. 2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைகளின் வருமானத்துக்கும் வரி வந்துவிட்டது, உச்சம் 15 வீதம். அவள் வரியை எதிர்க்கவில்லை. "கட்டுறன். ஆனா வங்கியிலை கடன் கேட்டா மட்டும் எனக்குத் தொழில் இல்லை எண்டு சொல்லுறாங்கள்" என்றாள். என் நிரல் எனக்கு நினைவு வந்தது.

இப்போது ஆரோக்கியம். இரண்டு வருடத்துக்கு முன் வலது கையின் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இரவில் விறைக்கிறது, உதறினால் சரியாகிறது என்று சொன்னாள். மணிக்கட்டின் ஒடுங்கிய பாதைக்குள் நடு நரம்பு நெரிபடும்போது இப்படித்தான் தொடங்கும். தையல் வேலை செய்பவர்களிடமும், கர்ப்பிணிகளிடமும், தைரொயிட் சுரப்பு குறைந்தவர்களிடமும், சீனி வருத்தம் உள்ளவர்களிடமும் இதைக் காண்கிறோம். இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டி கட்டினாலே பலருக்குக் குறையும். பெருவிரலின் அடித்தசை மெலியத் தொடங்கினால் தாமதிக்கக் கூடாது, சத்திரசிகிச்சை சிறியதுதான். பட்டி கட்டச் சொன்னேன், ஓய்வு எடுக்கச் சொன்னேன். பட்டியைக் கட்டினாள். ஓய்வுக்கு யார் சம்பளம் தருவார்கள் என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அவளுக்கு நான் கடன்பட்ட கதை ஒன்று உண்டு. நான் முன்பு கடமையாற்றிய ஓர் இடத்தில், இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கு வழிகாட்டும் துண்டுப்பிரசுரம் ஒன்று மூன்று மொழியிலும் அச்சாகி வந்தது. சிங்களப் பக்கம் சரி. ஆங்கிலப் பக்கம் சரி. தமிழ்ப் பக்கத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கொட்டிக் கிடந்தன. யாரும் கவனிக்காமல் கட்டுக்கட்டாக விநியோகமும் ஆகிவிட்டது. அந்த மாதம், ஊசியைப் போட்டுவிட்டு விரதம் என்று சாப்பிடாமல் இருந்த ஓர் அம்மாவை, சீனி இறங்கி நினைவு தப்பிய நிலையில் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார். அவருடைய பையில் அந்தத் துண்டுப்பிரசுரம் நான்காக மடித்தபடி இருந்தது. பிரசுரம் சரியாக இருந்திருந்தால் அவர் வாசித்துச் சாப்பிட்டிருப்பாரா என்று என்னால் அறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வாசிக்க ஆசைப்பட்டிருக்கிறார். மடித்துப் பத்திரமாக வைத்திருந்தாரே.

அதை அவளுக்குப் படமெடுத்து அனுப்பினேன். ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்துவிடுகின்றன. கணினியைப் பொறுத்தவரை அது இன்னும் ஆங்கில எழுத்துத்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். யூனிக்கோட்டில் தமிழுக்கென்று உலகம் முழுவதற்கும் பொதுவான தனி இலக்கங்கள் உண்டு, முகமூடி தேவையில்லை. அச்சகத்தில் தமிழ் தெரியாத ஒருவர் கோப்பைத் திறந்திருக்கிறார், அவ்வளவுதான் நடந்தது. புலம்பெயர்ந்து வாழும் நம்மவரான சுரதா யாழ்வாணன் என்பவர் உருவாக்கி இலவசமாகத் தந்த பொங்குதமிழ் என்ற எழுத்துரு மாற்றி இருக்கிறதாம். பழைய எழுத்தை ஒரு நொடியில் யூனிக்கோட்டாக்கும். மாற்றினாள். அதோடு நிற்காமல், எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கென்று ஊசி, சோற்றுக்கோப்பை, மணிக்கூடு என்று படங்கள் கீறி விடியற்காலை ஐந்து மணிக்கு அனுப்பிவைத்தாள். பணம் வாங்கவில்லை. அந்தப் படங்களைத்தான் இன்றும் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழ் வைத்திருக்கிறேன்.

தமிழ்க் கணிமையே இப்படித்தான் வளர்ந்திருக்கிறது என்று அவள் சொல்வாள். மதுரைத் திட்டம் 1998 இல் தொடங்கியது, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தவர்கள் பல நாட்டுத் தன்னார்வலர்கள். எங்கள் நாட்டு நூல்களையும் பத்திரிகைகளையும் மின்னூலாக்கும் நூலகம் திட்டம் 2005 இல் சில இளைஞர்களின் கையில் தொடங்கியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்த தேசத்தில், ஒரு பழைய சஞ்சிகையை ஸ்கான் பண்ணுவது வெறும் பொழுதுபோக்கு இல்லை. எங்கள் கல்லூரியின் பழைய ஆண்டு மலர்களைத் தேடி ரீச்சர்மாரின் வீட்டுப் பரண்களில் ஏறியவளும் இவள்தான். பல்லி முட்டைகளோடு இறங்கி வந்தாள்.

அரசியலுக்கு வருகிறேன். முன்வரிசையில் சிலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். அவள் எந்தக் கட்சியிலும் இல்லை.

2007 ஜூன் 7ஆம் திகதி விடிய முன்னர், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை, கொழும்பில் இருப்பதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று பஸ்களில் ஏற்றி அனுப்பினார்களே, 376 பேர், அதில் அவளுடைய பெரியம்மாவும் ஒருவர். கண் சத்திரசிகிச்சைக்காக வந்திருந்தவர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் மறுநாளே இடைக்காலத் தடை வாங்கியது. அந்த மனுவைப் பற்றி வாசித்த நாளில்தான், ஒரு கடதாசியால் ஒரு பஸ்ஸை நிறுத்தலாம் என்று தெரிந்துகொண்டேன் என்பாள்.

அதற்குப் பிறகு அவளுடைய கடதாசி வேலை தொடங்கியது. பஸ்ஸிலும் வைத்தியசாலையிலும் அரச அலுவலகத்திலும் பிழையான தமிழ்ப் பலகையைக் கண்டால் படம் எடுப்பாள். திகதி, இடம், பிழை, திருத்தம் எல்லாம் எழுதி அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புவாள். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. முறைப்பாடு செய்ய ஒரு தொலைபேசி இலக்கமும் தந்தார்கள். எந்த இலக்கம் தெரியுமா? 1956. தனிச் சிங்களச் சட்டம் வந்த வருடம்! இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் சிரிப்பாள். ஒரு பலகையை மாற்ற அவளுக்குப் பதினான்கு மாதம் எடுத்தது. மாற்றிய பலகையில் வேறொரு எழுத்துப் பிழை. மறுபடியும் எழுதினாள்.

2019 உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது நான் கடமையில் இருந்தேன். அவளுடைய தாயார் காலைப் பூசைக்குப் போய் நேரத்தோடு திரும்பியிருந்தார். தெருவில் பலருடைய தாய்மார் திரும்பவில்லை. காணாமற்போனவர்களின் பெயர்களை உறவினர்களிடம் கேட்டு அவள் ஒரு பட்டியல் செய்து பகிர்ந்துகொண்டிருந்தாள். சமூக ஊடகங்களை அரசாங்கம் முடக்கியது. பொய்கள் பரவாமல் தடுக்க என்றார்கள். பொய்யும் பரவியது உண்மைதான். ஆனால் பட்டியலும் நின்றுபோனது. இதில் எது சரி என்று எனக்கு இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. அவளுக்கும் முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன். 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியபோது அதை முழுவதும் வாசித்து, எந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்று படஅட்டைகள் செய்தாள். அவற்றிலும் அந்தப் பட்டியலின் நினைவு இருந்தது.

இனிச் சொல்லப்போவது எனக்குக் கஷ்டமானது.

2020 ஏப்ரலில் கொவிட் தொற்றில் இறந்தவர்களின் உடலை எரிப்பது கட்டாயம் என்று வர்த்தமானி வந்தது. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று சொன்னார்கள். அடக்கம் செய்யலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானவை என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. சுவாசத் துளிகளால் பரவும் ஒரு வைரசு, உயிருள்ள கலம் இல்லாமல் பெருக முடியாத ஒன்று, மண்ணுக்கு அடியிலிருந்து ஊரைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எனக்குத் தெரியும். என்னோடு வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். அந்த டிசம்பரில் இருபது நாள் குழந்தை ஒன்றைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எரித்தார்கள்.

அன்றிரவு அவள் எனக்கு அழைத்தாள். "ஒரு நிமிசம் போதும். தமிழிலை, ஒரு டொக்டரா, புதைக்கிறது பாதுகாப்பு எண்டு மட்டும் சொல்லு. முகம் காட்ட வேண்டாம், குரல் போதும். நான் படம் கீறிப் போடுறன்" என்றாள்.

அரச ஊழியர் அனுமதியின்றி ஊடகங்களுக்குப் பேசக்கூடாது என்று தாபனக் கோவையில் இருக்கிறது என்றேன். அது உண்மை. எனக்கு இரண்டு பிள்ளைகள் என்றேன். அதுவும் உண்மை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. "சரி, படு. விடிய டியூட்டி எல்லே" என்று வைத்துவிட்டாள். காணொளியைத் தன் குரலிலேயே செய்தாள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆவணத்தைத் தமிழில் வாசித்தாள். மருத்துவச் சொல் ஒன்றை அவள் பிழையாக உச்சரித்திருந்தாள். நான் பேசியிருந்தால் அந்தப் பிழை வந்திராது. கீழே வந்து பலர், நீ என்ன டொக்டரா என்று கேட்டிருந்தார்கள். பொரளை கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டியபோது அவளும் போய் ஒன்று கட்டினாள். ஒரே இரவில் அவற்றை அகற்றிவிட்டார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது, தொலைதூர ஓட்டமாவடியில். 2024 இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அதற்குள் எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 270 பேருக்கு மேல்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டது 2022 இல். அந்த வருடம் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். மார்ச் 31 அன்று பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. அவள் கணினியைத் தூக்கிக்கொண்டு ஜெனரேட்டர் உள்ள அச்சகத்துக்கு ஓடுவாள். நான் நோயாளிகளின் உறவினரிடம் துண்டு எழுதிக் கொடுத்து, வெளியில் மருந்து இருக்கிறதா பாருங்கள் என்று அனுப்புவேன். ஏப்ரல் 9 முதல் காலி முகத்திடலில் கூடாரங்கள் முளைத்தன. "2009 இலை இவை எல்லாரும் எங்கை இருந்தவை?" என்று அவள் கேட்டாள். கேட்டுவிட்டுப் போனாள். போன முதல் நாளே அங்கிருந்த தமிழ்ப் பதாகைகளில் எழுத்துப் பிழைகளைக் கண்டு, தூரிகை வாங்கித் திருத்தத் தொடங்கினாளாம். சிங்களப் பிள்ளைகள் சுற்றிநின்று தங்கள் சுலோகங்களையும் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார்கள். தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். மே 18 அன்று அந்தத் திடலில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைத்துக் கஞ்சி பரிமாறினார்கள். அன்று நானும் போனேன். வரிசையில் நின்று கஞ்சி வாங்கினேன். அவள் ஒரு தகர டின்னில் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அங்கே வைத்துத்தான் கேட்டேன். "கஞ்சி ஆறுது, குடி" என்றாள்.

அடுத்த கிழமை, தட்டுப்பாடான மருந்துகளின் பட்டியலை நான் என் குரலிலேயே சொன்னேன், அவள் மூன்று மொழியிலும் அட்டையாக்கினாள். வெளிநாட்டில் இருக்கும் நம் பழைய மாணவிகள் சிலர் அதைப் பார்த்துத்தான் பொதிகள் அனுப்பினார்கள். அவர்களில் இருவர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.

மணி அடிக்கப் போகிறார்கள் போலிருக்கிறது. ஒரு விடயம் மட்டும். நீங்கள் கையில் வைத்திருக்கப் போகும் இந்த நூற்றாண்டு மலரின் பக்கங்களை அமைப்பவள் அவள்தான். இந்த உரையை யூனிக்கோட்டில், நான்கு பக்கத்துக்குள், செவ்வாய்க்கிழமைக்கு முன் தரவேண்டும் என்று எனக்குக் கட்டளை. மணிக்கட்டில் பட்டியோடுதான் வேலை செய்கிறாள். சத்திரசிகிச்சைக்கு ஜனவரியில் திகதி எடுத்திருக்கிறோம். தொழில் நிரலில் என்ன போடுவது என்று நேற்றுக் கேட்டேன். "அந்த நிரல் சின்னன். கொள்ளாது. தொழிலை எடுத்துப்போட்டு எல்லாருக்கும் ரெலிபோன் நம்பர் போடுவமா?" என்று கேட்டாள். செயற்குழு இன்னும் முடிவு சொல்லவில்லை.